இன்ஜினுக்கு டானிக்

“உங்க அப்பா டிராக்டருக்கு என்ன கிரேடு ஆயில் ஊத்தறாரு?”

பெண் பார்க்க வந்த அன்று, “ரெண்டு பேரும் தனியா ஏதாவது பேசிக்கங்க” என்று பெரியவர்கள் பேரிகை ஊரில் இருந்த அவள் வீட்டின் பின்பக்கம் அனுப்பிவைத்தபோது, மணிவேல் அருணாவிடம் கேட்ட முதல் கேள்வி அது. இரண்டாவது கேள்வி என்று ஒன்று இல்லை. அருணா வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு, “கேன்ல இருக்கறத” என்றாள். மணிவேல் ரொம்ப நேரம் துக்கத்தோடு தலையை ஆட்டினான். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு வழி இருந்தது. ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

அதனால் இப்போது ஓசூர்ப் பக்கத்து மத்திகிரியில், நாராயணம்மாவின் லைன் வீடுகளில் கடைசி வீட்டு வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். எதிரே அவர்களுடைய பழைய வெள்ளை வேன் நின்றது. வேனுக்கு முன்னால் வீட்டுக்காரி நாராயணம்மா நின்றாள். இரண்டில் வேன்தான் சின்னதாகத் தெரிந்தது.

“திங்கக்கெழம என் மகன் புதுக் கார் எடுத்துட்டு வரான். அது இந்த எடத்துல நிக்கணும். ஞாயித்துக்கெழமைக்குள்ள வேன் போயிடணும். இல்லேன்னா…”

இல்லாவிட்டால் என்ன என்பதை அவள் வாயால் சொல்லவில்லை. கையில் வைத்திருந்த தகரப் பலகையை கேட்டுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். ‘வீடு வாடகைக்கு’ என்று எழுதியிருந்த பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

“இப்போதைக்கு இப்படித் திரும்பியே இருக்கட்டும்” என்றாள்.

நாராயணம்மா சாதாரணமாகத் தமிழில் பேசுவாள். கோபம் வந்தால் தெலுங்கு. தெலுங்கு போதாவிட்டால் கன்னடம். மூன்று மொழியும் பேசாமல் அவள் சும்மா இருந்ததை மத்திகிரியில் யாரும் பார்த்ததில்லை. தூங்கும்போதுகூட ஏதோ ஒன்றில் பேசுவதாகப் பக்கத்து வீட்டு சுஜாதா சொல்லியிருக்கிறாள்.

அந்த வீட்டை விட்டுப் போக அருணாவுக்குச் சுத்தமாக மனமில்லை. வீட்டுக்குள்ளேயே குழாய். குழாயில் தண்ணீரும் வந்தது. ஜன்னலோரம் நல்ல வெளிச்சத்தில் தையல் மிஷின். லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அவளிடம்தான் ஜாக்கெட் தைத்தார்கள். அவள் அதிகம் பேச மாட்டாள் என்பதால், அளவு கொடுக்க வந்தவர்கள் தங்கள் மாமியாரைப் பற்றி நிம்மதியாகப் பேசிவிட்டுப் போனார்கள். வேறு தெருவுக்குப் போனால் இதையெல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். புது மாமியார்களின் பெயர்களைப் பழகவே வருடக்கணக்காகும்.

நல்லவேளையாக சுஜாதா மூலம் வேனை வாங்க ஒரு ஆள் கிடைத்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சிப்காட் அருகே குடியிருக்கும் ஜோதியம்மாள். அருணா போன் செய்தபோது அவள் வண்டி எந்த வருஷம் என்று கேட்கவில்லை. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்கவில்லை.

“வெள்ள வண்டி தானம்மா? சைடு கதவு இழுத்துத் தொறக்கதா? அப்ப சரி. ஞாயித்துக்கெழம காலைல நானும் எங்க வீட்டுக்காரரும் வந்து பாக்கோம்” என்றாள்.

இவ்வளவு எளிதாக ஒரு காரியம் முடிந்தால் அருணாவுக்குப் பயம் வரும். சரியாகவே பயந்தாள்.

மணிவேல் சிப்காட்டில் கியர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை செய்தான். போன மாதம் அங்கே ‘லூப்ரிகேஷன் விழிப்புணர்வு நாள்’ நடத்தினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு மஞ்சள் தொப்பி, ஒரு சான்றிதழ், ஒரு புளியோதரைப் பொட்டலம். புளியோதரை அன்றே தீர்ந்துவிட்டது. மற்ற இரண்டும் தீரவில்லை. சான்றிதழ் ஹாலில், கல்யாண போட்டோ மாட்டியிருந்த ஆணியில் தொங்கியது. கல்யாண போட்டோ பீரோ மேல் படுத்துக்கொண்டது. தொப்பி குளிக்கும்போது மட்டும் தலையிலிருந்து இறங்கியது.

புதன்கிழமை ஷிப்ட் முடிந்து வந்தவன், வேனின் முன் சீட்டைத் தூக்கினான். அந்த வண்டிக்கு இன்ஜின் சீட்டுக்கு அடியில்தான். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவி, வெளிச்சத்தில் பிடித்தான்.

“அருணா, இங்க வா. இது என்ன?”

“ஆயிலுங்க.”

“ஆயிலா? தார்! ரோடு போடலாம் இத வெச்சு.”

“வண்டி நல்லா ஓடுதுங்களே.”

“ஓடறது வேற, ஆரோக்கியமா ஓடறது வேற. நாளைக்கு வாங்கறவங்க குச்சிய உருவிப் பாத்தா என்னா நெனைப்பாங்க? இவன் சர்டிபிகேட் வாங்கினவன்னு நெனைப்பாங்களா?”

வாங்க வருகிறவர்களுக்குச் சான்றிதழ் விஷயம் எப்படித் தெரியும் என்று அருணா யோசித்தாள். அவன் ஹாலுக்குக் கூட்டிவந்து காட்டுவான் என்பது உடனே புரிந்தது.

பாகலூர் ரோட்டில் சந்தோஷ் என்பவன் ஆயில் கடை வைத்திருந்தான். பெங்களூர்ப் பக்கத்துப் பையன். பாதித் தமிழ், பாதிக் கன்னடம், முழுத் தன்னம்பிக்கை. மணிவேல் அங்கே போய் ஒரு பாட்டிலும் ஒரு கேனும் வாங்கி வந்தான்.

“இது ஃப்ளஷ். உள்ள இருக்கற அழுக்க எல்லாம் கரைச்சு வெளிய தள்ளிடும்.”

“பேதி மருந்துங்களா?”

“அப்படிச் சொல்லக் கூடாது” என்றான் மணிவேல். ஆனால் அப்படித்தான் நடந்தது. அடியில் நட்டைக் கழற்றியதும் கறுப்பாக, கட்டி கட்டியாக, அந்த வேன் வாங்கப்பட்ட நாளிலிருந்து சேர்த்துவைத்த எல்லாம் ஒரு பழைய வாளியில் வந்து விழுந்தது. பிறகு கேனைத் திறந்து புது ஆயிலை ஊற்றினான். ஃபுல்லி சிந்தெடிக். பொன் நிறத்தில், தண்ணீர் போல மெலிதாக, வாசல் விளக்கில் மின்னிக்கொண்டு இறங்கியது. மாப்பிள்ளைக்குப் பால் கொடுப்பதுபோல அவ்வளவு மரியாதையாக ஊற்றினான்.

வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு அருணாவைக் கிட்டே கூப்பிட்டான்.

“காத வெச்சுக் கேளு. என்னா கேக்குது?”

“ஒண்ணும் கேக்கலீங்க.”

“அதான்!” என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

மறுநாள் காலை அருணா கோலம் போடப் போனாள். வேனுக்கு அடியிலிருந்து ஒரு கறை நாராயணம்மா வீட்டுப் படியை நோக்கிப் பாதி தூரம் வந்திருந்தது. அந்த வேன் அதுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை. 

மணிவேல் சந்தோஷுக்குப் போன் செய்து, அருணாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

“டென்ஷன் பேடாண்ணா! பழைய வண்டில்லவா? உள்ள இருந்த அழுக்குதான் சந்து பொந்தெல்லாம் அடைச்சிட்டு இருந்திருக்கும். இப்ப அழுக்கு போயிடுச்சு, அதான் ஒழுகுது. ஆயில் சூப்பரா வேலை செய்யுதுன்னு அர்த்தம்!”

“அப்ப அழுக்கையே விட்டிருக்கலாமில்லீங்க?” என்றாள் அருணா மெதுவாக.

மணிவேல் போனைக் கையால் மூடினான். “டெக்னிக்கலா பேசிட்டிருக்கம். நடுவுல பேசாத.”

லீக்கை நிறுத்த ஒரு பாட்டில் இருந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் சீல்களை அது ஊறவைத்துப் பெருக்கவைக்குமாம். ஊற்றினான். ஆனால் ரப்பர் ஊற ஒரு நாளாவது ஆகும் என்று பாட்டிலில் எழுதியிருந்தது. நாராயணம்மா அரை மணியில் எழுந்துவிடுவாள். அந்தப் பாட்டிலைப் பற்றி அவளுக்குத் தெரியாது.

அருணா கோலத்தைக் கறையின் மேல் போட்டாள். கறை பெரிதாக இருந்ததால் கோலமும் பெரிதாக வேண்டியிருந்தது. ஓரத்தில் ஒரு தாமரை, இன்னொரு தாமரை, ஒழுகல் வளைந்த இடத்தில் ஒரு மயில்.

நாராயணம்மா படியில் நின்று பார்த்தாள். “ஏமம்மா, என்ன விசேஷம்? இவ்ளோ பெரிய கோலம்?”

“வெள்ளிக்கெழமக்கா.”

“இன்னைக்கு வியாழன்.”

“நாளைக்கு வெள்ளிக்கெழமக்கா.”

நாராயணம்மாவுக்கு இந்தப் பதில் பிடித்துவிட்டது. மற்ற வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு, பக்தி என்றால் என்ன என்று தமிழிலேயே விளக்கினாள். அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதே அருணா அவளிடம், வடகம் காயவைக்க வேண்டும் என்று சொல்லி, பெரிய பித்தளைத் தாம்பாளத்தைக் கேட்டு வாங்கினாள். வாங்கி, யாரும் பார்க்காதபோது வேனுக்கு அடியில் தள்ளிவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக வடகம் சொட்டியது.

வெள்ளிக்கிழமை காலை ஒழுகல் நின்றிருந்தது. ஒரு சொட்டும் இல்லை. மணிவேல் அடியில் படுத்து, விரலால் தடவிப் பார்த்து, குழந்தைபோலச் சிரித்தான். ஒழுகிப் போனதற்கு ஈடாகக் கொஞ்சம் புது ஆயிலும், ஒரு தைரியத்துக்கு இன்னும் கொஞ்சமும் ஊற்றினான். பிறகு ஸ்டார்ட் செய்தான்.

பின்னால் நீல நிறத்தில் புகை வந்தது. முதலில் வேன் மறைந்தது. பிறகு தெரு மறைந்தது. கொசு மருந்து அடிக்க வண்டி வந்திருக்கிறது என்று நினைத்த லைன் வீட்டுப் பெண்கள், நல்ல மனதோடு கதவு ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தார்கள். சுஜாதா கட்டிலைத் தூக்கிச் சாய்த்து, “இங்க கொஞ்சம் நல்லா அடிச்சிட்டுப் போங்கண்ணா!” என்று புகையைப் பார்த்துக் கத்தினாள். தெரு நாய் ஒன்று நாராயணம்மாவின் வீட்டுக்குள் ஓடி, பூஜை அறையில் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுபடியும் ஸ்பீக்கர்.

“ஆயில் மெலிசு இல்லவாண்ணா? பழைய இன்ஜின், உள்ள தேஞ்சிருக்கும். ஆயில் மேல ஏறி எரியுது. கெட்டியாக்க ஒரு டானிக் இருக்கு. ஊத்துனா புகை ஸ்டாப்பு.”

“மெலிசா ஒண்ணு ஊத்தி, அப்புறம் அதையே கெட்டியாக்கணுமா?” என்றாள் அருணா. “மொதல்லயே கெட்டியா…”

“அருணா!”

டானிக் தேன்போல இருந்தது. பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஷிப்டுக்குப் போகும் நேரம் வரை நின்றான். அது வரும் வேகத்துக்கு ஒரு ஷிப்டே முடிந்துவிடும் போலிருந்தது. ஆனால் புகை குறைந்தது உண்மை. ஏனென்றால் சனிக்கிழமை காலை வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை. ஓசூர்க் குளிரில் ஆயில் உள்ளே அல்வாவாக உறைந்துவிட்டது. சாவியைத் திருப்பித் திருப்பி பேட்டரியும் இறங்கியது. லைன் வீட்டு ஆண்கள் எல்லோரும் பல் தேய்த்துக்கொண்டே வந்து தள்ளினார்கள். வேன் கேட்டு வரைக்கும் போனது. மறுபடியும் அதே இடத்துக்கு வந்தது. அவர்களுக்கு நல்ல உடற்பயிற்சி.

“உராய்வக் குறைக்க ஒண்ணு இருக்கு” என்றான் மணிவேல் மூச்சு வாங்க.

அருணா அதுவரை கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள். “நீங்க ஊத்திட்டே இருக்கறீங்களே தவிர, எதையும் வெளிய எடுக்கலையேங்க. உள்ள எடம் இருக்குதா?”

மணிவேல் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். “ஒடம்பு சரியில்லேன்னா மாத்திர சாப்படறம். அதுக்காகச் சாப்பிட்ட சோத்த வெளிய எடுக்கறமா?”

இதற்குப் பதில் சொல்ல அருணாவிடம் சான்றிதழ் இல்லை.

உராய்வைக் குறைக்கும் பாட்டிலும் காலியானது. கடைசியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மணிவேல் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து, ஜன்னலோரம் பார்த்தான். அருணா ஓடிப் போய்த் தையல் மிஷினுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

“ஒரு சொட்டு தான். சத்தமே வராது.”

“சத்தம் வரட்டும்.”

“உள்ள எவ்ளோ அழுக்கு இருக்குதோ…”

“அழுக்கு இருக்கட்டும்!”

கல்யாணமானதிலிருந்து அவள் இவ்வளவு உரக்கப் பேசியதில்லை. மணிவேல் பின்வாங்கினான். அந்த வாரத்தில் அவள் ஜெயித்த ஒரே சண்டை அது.

சண்டையை ஜெயித்துவிட்டு வெளியே வந்தபோது நாராயணம்மா தாம்பாளத்தைக் கேட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். நேராக வந்தாள். மயில் கோலத்தின் மேல் கால் வைத்தாள். மேலே கோலமாவு, அடியில் ஃபுல்லி சிந்தெடிக். உராய்வைக் குறைப்பதில் அந்த ஆயில் எந்த அளவுக்கு உயர்ந்தது என்பதை அந்தத் தெரு அன்றுதான் நேரில் பார்த்தது.

அவள் தெலுங்கில் விழுந்தாள். கன்னடத்தில் எழுந்தாள். எழுந்தபோது புடவையின் பின்பக்கம் ஒரு முழு மயில் பதிந்திருந்தது. விழுந்த இடத்திலிருந்து பார்த்ததில், வேனுக்கு அடியில் தன் தாம்பாளம் இருப்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“இதி வடகமா?” என்று கறுப்பு ஆயிலைக் காட்டிக் கேட்டாள். “சொல்லும்மா, இதி வடகமா? இத எண்ணெய்ல பொரிக்கணுமா, எண்ணெயே இதுலதான் இருக்கா?”

அருணா குனிந்து தாம்பாளத்தை வெளியே இழுத்தாள்.

“நாளைக்கு மத்தியானம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கெடையாது. வேன் வித்துப் போச்சுன்னா பலகைய நானே கழட்டறன். போவலேன்னா…” ஆணியில் தொங்கிய பலகையைத் தொட்டுக் காட்டினாள். தகரம் லேசாக ஆடியது.

அன்று சாயங்காலம் அருணா வேனுக்குள் ஏறினாள். சிந்திய ஆயில், புகை, டானிக் எல்லாம் சேர்ந்து உள்ளே ஒரு நாற்றம் குடிவந்திருந்தது. அதனிடம் வாடகை கேட்டால் கொடுத்துவிடும் போலிருந்தது. சோப்புத்தூள் போட்டுத் துடைத்தாள். போகவில்லை. சாம்பிராணி போட்டாள். நாப்தலின் உருண்டை போட்டாள். எலுமிச்சம்பழத்தை வெட்டி மூலைக்கு மூலை வைத்தாள். மல்லிகைப்பூவைக் கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்டாள். மெக்கானிக் ஷெட்டுக்குள் கும்பாபிஷேகம் நடந்ததுபோல ஆனது. ஆனாலும் உள்ளே வெள்ளையாக, பளிச்சென்று இருந்தது. கூரைத்துணி, சீட்டு, கதவு எல்லாம் துடைத்துவைத்த பாத்திரம்போல இருந்தன. அவளுக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜோதியம்மாளும் அவள் கணவர் மாடசாமியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மாடசாமியின் கையில் இஞ்சு டேப் இருந்தது. வேன் வாங்க வருகிறவர்கள் இஞ்சு டேப் எதற்குக் கொண்டுவருகிறார்கள் என்று அருணா நினைத்தாள். ஜாக்கெட் தைப்பவள் என்பதால் அவளுக்கு அது ஒருவகையில் ஆறுதலாகவும் இருந்தது.

மணிவேல் குளித்து, தொப்பி போட்டு, தயாராக நின்றான். இரவெல்லாம் சார்ஜ் போட்ட பேட்டரியை மாட்டியிருந்தான். ஆயிலைப் பற்றி என்ன கேட்டாலும் சொல்லத் தயார்.

அவர்கள் ஆயிலைப் பற்றிக் கேட்கவில்லை.

மாடசாமி கூரையை விரலால் தட்டிப் பார்த்தார். பக்கத்துக் கதவை இழுத்து மூடினார், மறுபடியும் இழுத்துத் திறந்தார். பின்கதவை மேலே தூக்கி, அதன் அடியில் நின்று பார்த்தார்.

“இது தூக்குனா இப்படியே நிக்குமா தம்பி? கீழ எறங்கிராதே?”

“நிக்கும்ங்க. இன்ஜினு…”

“மழ பேஞ்சா உள்ள ஒழுகுமா?” என்றாள் ஜோதியம்மாள்.

“ஒழுகாதுங்கக்கா. இப்ப அடியிலயும் ஒழுகாது. நான் என்னா பண்ணினன்னா…”

மாடசாமி முன் சீட்டுக்கு வந்து குறுக்கே டேப் பிடித்தார். மனைவியிடம் ஏதோ சைகை காட்டினார். அவளும் திருப்தியாகத் தலையை ஆட்டினாள். பிறகு உள்ளே மூக்கை நுழைத்தாள்.

“என்ன வாசம் இது?”

“சாம்பிராணிக்கா” என்றாள் அருணா.

“அது தெரியுது. அதுக்கு அடியில?”

“எலுமிச்சங்கா.”

“அதுக்கும் அடியில?”

அருணா மல்லிகைப்பூவைச் சரிசெய்தாள்.

“போயிரும்லா?”

“ரெண்டு நாள் கதவத் தொறந்து போட்டா போயிடும்க்கா. உள்ள எல்லாம் சுத்தமா தொடச்சிருக்கறன்.”

ஜோதியம்மாள் கூரைத்துணியைக் கையால் தடவி, விரலைப் பார்த்தாள். வெள்ளையாகவே இருந்தது. அருணாவைப் பார்த்துச் சிரித்தாள். “வீட்டப் போல வச்சிருக்க தாயி. எங்களுக்குப் பிடிச்சிருக்கு. இன்னைக்கே கட்டி இழுத்துட்டுப் போயிருதோம்.”

அருணாவுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. கேட்டருகே நின்றிருந்த நாராயணம்மா, சொன்ன சொல் மாறாமல் ஆணியிலிருந்து பலகையைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டாள்.

அந்த நிமிஷத்தில் மணிவேலின் வாயை யாராவது தைத்திருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும். தைக்கத் தெரிந்தவள் பக்கத்தில்தான் நின்றாள்.

“இழுத்துட்டா?” என்றான் மணிவேல். “என்னாத்துக்கு இழுக்கணும்? ஓட்டிட்டே போலாம்! இருங்க, ஸ்டார்ட் பண்ணிக் காட்டறன்.”

“வேண்டாம்ங்க” என்றாள் அருணா.

“அதெல்லாம் தேவையில்ல தம்பி” என்றார் மாடசாமி.

“அது எப்படிங்க? இன்ஜினப் பாக்காம ஒருத்தர் வண்டி வாங்கலாமா? நாளைக்கு வழியில நின்னா என்னத்தானே சொல்லுவீங்க?”

“நிக்கட்டுமே” என்றார் மாடசாமி.

மணிவேல் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டான். சிரித்துக்கொண்டே முன் சீட்டைத் தூக்கினான். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, “பாருங்க, தங்கம் மாதிரி இருக்கும்” என்றான். அவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மரியாதைக்குத்தான். மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நின்றபடி சாவியைத் திருப்பினான்.

வண்டி ஒரே தடவையில் பிடித்துக்கொண்டது. சத்தமே இல்லை. மணிவேல் அருணாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஒரு வாரத்து நியாயம் இருந்தது.

“இப்ப ரேஸ் பண்றன், பாருங்க” என்று ஆக்சிலரேட்டரைக் கையால் அழுத்தினான்.

ஒரு கேன் ஆயிலும், ஒழுகாமல் இருக்க ஊற்றியதும், புகையாமல் இருக்க ஊற்றியதும், உறையாமல் இருக்க ஊற்றியதும், தைரியத்துக்கு ஊற்றியதும் உள்ளே இடமில்லாமல் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. அத்தனையும் மிச்சமிருந்த அழுக்கோடு கலந்து நுரைத்துக்கொண்டு, கிடைத்த வாசல்கள் வழியாகக் கிளம்பின. முதலில் அளவுக்குச்சி அம்புபோல மேலே போய்க் கூரைத்துணியில் குத்தி நின்றது. அதன் பின்னாலேயே ஆயில். கூரையில் அடித்து, சீட்டில் விழுந்து, கதவில் வழிந்து, மல்லிகைப்பூவில் சொட்டியது. வேனுக்குள் ஒரு கறுப்பு மழை பெய்தது. மழை பெய்தால் உள்ளே ஒழுகுமா என்று கேட்டதற்குப் பதில் கிடைத்தது.

மணிவேல் சாவியைத் திருப்பி அணைத்தான். கூரையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தின் மேல் சொட்டுச் சொட்டாக விழும் சத்தம் மட்டும் கேட்டது.

ஜோதியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். முந்தானை கறுத்தது. முகம் அப்படியே இருந்தது.

“இன்ஜின் நல்ல இன்ஜின்தாங்கக்கா!” மணிவேல் கையெடுத்துக் கும்பிட்டான். “சத்தம் கேட்டீங்களா? சத்தமே இல்ல! ஆயில் ஒரு பொட்டு ஜாஸ்தி, அவ்ளோதான். ஒரு வாரம் குடுங்க. நான் ஒரு கம்ப்ளெய்ன்ட் இல்லாம இன்ஜின உங்க கையில குடுக்கறன். திருநெல்வேலி வரைக்கும் நிக்காம ஓடும்!”

மாடசாமி இஞ்சு டேப்பை மெதுவாகச் சுருட்டினார். ஜோதியம்மாள் கூரையை ஒருமுறை பார்த்தாள், குத்தி நின்ற குச்சியைப் பார்த்தாள், பிறகு மணிவேலைப் பார்த்தாள்.

“இன்ஜின் எங்களுக்கு எதுக்குத் தம்பி? அதக் கழட்டிப் போட்டுட்டு, அந்த எடத்துல அடுப்ப வச்சு, கம்பெனி வாசல்ல இட்லிக்கடை போடலாம்னுல்லா வந்தோம்.”

நாராயணம்மா கையிடுக்கிலிருந்த பலகையை எடுத்தாள். எழுத்துப் பக்கம் தெருவைப் பார்க்கும்படி ஆணியில் மாட்டினாள். கோணலாக இருந்ததை நேராக்கினாள். பிறகு மயிலைச் சுற்றிக்கொண்டு, மூன்று மொழியில் எதிலும் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனாள்.